மயில் படத்துக்காரி

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வச்சிக்கிடுதேன். இந்த சீட்டுக்கு வர வேண்டிய ஆள் ஒண்ணு இருந்துச்சு, வரல. திருநெல்வேலி வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான் போறேன்.

பரிசு வாங்கப் போறேன். எனக்குத்தான். புதுச் சேலையைப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பீங்க. எங்க ஊர்ப் பக்கம் பொன்சீலி டீச்சர்னு கேட்டா யாரும் வீட்டைக் காட்டுவாங்க. ரெண்டாம் வகுப்பும் மூணாம் வகுப்பும் ஒரே ரூம்ல வச்சு நடத்துதேன். அந்த வகுப்புக்குத்தான் இன்னைக்கு விருது. சின்னப் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்ததுல ஜில்லாவுலயே எங்க வகுப்புதான் முதல்ல வந்திருக்கு. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வாராங்க, சாப்பாடு உண்டு, போட்டோ எடுப்பாங்க.

சந்தோஷமா இருக்க வேண்டிய நாளு. என் மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியல, என்ன? தெரியாது. என்கூட மேடையேற வேண்டிய பிள்ளை என்னைய விட்டுட்டுப் போயிருச்சு. எட்டு வயசுப் பிள்ளை. பிள்ளையைக்கூட மன்னிச்சிருவேன். அவ ஆத்தா செஞ்ச துரோகம் இருக்கு பாருங்க, அதை நெனச்சா சோறு இறங்க மாட்டேங்குது. யார்ட்டயாவது சொல்லணும்மா. ஊர்ல சொன்னா ஆளுக்கொண்ணு பேசுவாங்க. நீங்க கேட்டுட்டு இறங்கிப் போயிருவீங்க.

முதல்ல இருந்து சொல்லுதேன். முந்தின வருஷம் ஆடி மாசம் ஒரு டிரஸ்ட்ல இருந்து எங்க பள்ளிக்கூடத்துக்கு டேப் குடுத்தாங்க. செல்போன் மாதிரிதான், பெருசா சிலேட்டு அளவுக்கு இருக்கும். பிள்ளைக்கு ஒண்ணு. பிள்ளைங்களுக்குப் பேரு படிக்கத் தெரியாதுல்லா, அதனால ஆளுக்கொரு படம். ஒருத்தனுக்கு யானை, ஒருத்திக்கு பூசணிக்காய், அந்தப் படத்தைத் தொட்டா அவுங்க அவுங்க கணக்கு வரும். சரியாத் தொட்டா மேளம் அடிக்கும், தப்பாத் தொட்டா சும்மா இருக்கும். எல்லாம் சரியாப் போட்டா ஒரு படி மேல ஏத்தும், கணக்கும் கொஞ்சம் கஷ்டமாக் குடுக்கும். அதுவே பிள்ளைக்குத் தக்கன மாத்திக்கிடும்.

நல்ல சாமான்மா, குறை சொல்லக் கூடாது. நானும் இருபத்தஞ்சு வருஷமா குச்சியக் கட்டி வச்சுத்தான் பத்து பத்தா எண்ணச் சொல்லிக் குடுத்தேன். இதுல குச்சி தானாக் கட்டிக்கிடும். பிள்ளைங்க கண்ணு அகலாமப் பாக்கும்.

ஆனா அதுல ஒரு கண்டிஷன் இருந்துச்சு. ஒரு வாரம் பிள்ளை கணக்கு போடலைன்னா அதோட படம் வெளுத்துப் போயிரும், சாம்பல் கலர்ல. டிரஸ்ட் சாரு மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு அதைப் பாத்துருவாரு. "டீச்சர், வகுப்புல எல்லாப் படமும் கலர்ல இருக்கணும். சாம்பல் கூடிக்கிட்டே போச்சுன்னா டேப்பை வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க வேண்டி வரும்"னு சொன்னாரு. நியாயம்தான. சும்மா கிடக்கறதுக்கா குடுத்தாங்க?

அந்தப் பிள்ளை பேரு முப்புடாதி. அவளுக்கு மயில் படம். அப்போ ரெண்டாம் வகுப்பு. சூட்டிகையான பிள்ளைம்மா. கூட்டல்ல மத்ததுங்க விரலை விட்டு எண்ணிக்கிட்டு இருக்கும்போது இவ மேளம் அடிக்க வச்சிருவா. "டீச்சர், மயில் என் பேரைக் கேட்டு ஆடுது"ன்னு ஓடி வருவா. அவளுக்குத் தலை சீவி விட்டிருக்கேன், என் டப்பாவுல இருந்து சோறு குடுத்திருக்கேன். எனக்குப் பிள்ளை கிடையாது. அது வேற கதை.

தை மாசம் பொங்கல் முடிஞ்சவுடன அவ அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் வடக்க செங்கல் சூளைக்குக் கிளம்பிட்டாங்க. அவுங்க தெருவுல வருஷா வருஷம் போறதுதான். வைகாசி தாண்டித்தான் வருவாங்க. பிள்ளையை யார்ட்ட விட, கூடவே கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போனா, அந்தப் பேச்சியம்மா. அவ ஆத்தா பேரு பேச்சியம்மா.

மறுவாரம் டேப்பை எடுத்துப் பாத்தா மயில் வெளுத்துப் போய் நிக்கி.

எனக்கு மனசு கேக்கல. அத்தனை படமும் பச்சையும் மஞ்சளுமா இருக்கு, நடுவுல இது மட்டும் செத்த மாதிரி. டேப்பும் போயிரும்னு பயம். சாயங்காலம் பிள்ளைங்க போனப்புறம் உக்காந்து மயிலைத் தொட்டேன். அவ பாடத்தைப் போட்டேன். மேளம் அடிச்சிச்சு, மயிலுக்குக் கலர் வந்துச்சு. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் தினமும் போட்டேன். இதுல என்ன தப்பு சொல்லுங்க. நான் வெறும் தொடத்தான் செஞ்சேன், படி ஏறுனது அவதான். அவ பேர்லதான ஏறுச்சு. ஒரு காசு எனக்கு உண்டா?

மாசியில கூட்டல் முடிச்சிட்டா. பங்குனியில கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு வந்துச்சு. அதுல கொஞ்சம் தடுமாறுனா. யாரா? முப்புடாதிதான்மா. அவ எப்படிப் போடுவான்னு எனக்குத் தெரியும்லா. ரெண்டுல இருந்து ஏழு போகாதுன்னா அவ கடன் வாங்க மாட்டா, திருப்பி ஏழுல இருந்து ரெண்டைக் கழிச்சு அஞ்சுன்னு போட்டுருவா. சின்னப் பிள்ளைங்க எல்லாம் செய்யற தப்பு. நானும் அப்படியே போட்டேன். நேர்மையா இருக்கணும்ல. எல்லாத்தையும் சரியாப் போட்டா அது என் மார்க்கு. தப்பும் சேத்துப் போட்டாத்தான் அவ மார்க்கு. கொஞ்ச நாள் அப்படித் தப்பு விட்டு, அப்புறம் மெதுவாப் புரிஞ்ச மாதிரி சரியாக்கிக் கொண்டு வந்தேன். அன்னைக்கு மேளம் விடாம அடிச்சிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பிள்ளைக்குக் கழித்தல் வந்துருச்சேன்னு.

வருகையா? அதையும் வந்ததாத்தான் போட்டேன். பாடம் படிச்சிருக்கான்னு டேப் சொல்லுது, பிள்ளை வரலைன்னு நான் சொன்னா ரெண்டும் ஒத்துப் போகாதுல்லா. எங்க ஹெச்.எம். தவசிக்கனி சாரு ஒரு தடவை கேட்டாரு, "டீச்சர், அந்தப் பிள்ளைதான் ஊர்லயே இல்லையே"ன்னு. "சார், டேப் போச்சுன்னா நீங்க வாங்கித் தருவீங்களா"ன்னு கேட்டேன். அவரு பேப்பர் படிக்கப் போயிட்டாரு.

ஆனி மாசம் பள்ளிக்கூடம் தொறந்துச்சு. முப்புடாதி வந்தா. கருத்து மெலிஞ்சு, முடியெல்லாம் செம்பட்டை பாஞ்சு வந்தா. கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "ஏட்டி, நீ எங்க போயிட்ட தெரியுமா? வகுப்புலயே முதல் ஆளு நீதான்"னு டேப்பைக் கையில குடுத்தேன். அவ மயிலைத் தொடுதா, எடுக்கல. திரும்பத் தொடுதா, எடுக்கல. நான் தொட்டா எடுக்குது. அவ விரலுக்கு எடுக்க மாட்டேங்குது. டேப் ரிப்பேர்னு நெனச்சு மாத்திக் குடுத்தேன், அதுலயும் அப்படித்தான். அப்புறம் அவ விரலைப் பிடிச்சுப் பாத்தா நுனியெல்லாம் தேஞ்சு காய்ச்சுப் போய்க் கிடக்கு, செங்கல் தூக்கித் தூக்கி. தோலு உப்புத்தாள் மாதிரி இருக்கு. அந்த மாதிரி விரலை இது எடுக்காதாம். நான் தேங்கா எண்ணெய் தடவிப் பாத்தேன். கடைசியில விரல் முட்டியை வச்சுத் தட்டப் பழகிட்டா.

அதை விடுங்க. கணக்கு வரலம்மா. அதுதான் எனக்குப் பெரிய அடி. கழித்தல் எல்லாம் முடிச்சுப் பெருக்கல்ல நிக்கிற பிள்ளை, கூட்டலையே யோசிச்சு யோசிச்சுப் போடுது. அஞ்சு மாசம் உக்காந்து ஏத்தி விட்டதெல்லாம் மறந்துட்டு வந்து நிக்கா. அந்தப் படியில உள்ள கணக்கு அவளுக்கு விளங்கல. எதையாவது தட்டுவா, மேளம் அடிக்காது, என்னையப் பாப்பா. டிரஸ்ட் சார்ட்ட கேட்டேன். "மேல போனதைக் கீழ இறக்க முடியாது டீச்சர். வேணும்னா அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்"னாரு. எப்படிம்மா அழிக்க? எவ்வளவு உழைப்பு அது. வேண்டாம்னுட்டேன். சாயங்காலம் பழைய மாதிரி நானே போட்டுக்கிடுதேன், பிள்ளைக்கும் கஷ்டம் இல்லன்னு விட்டுட்டேன். பகல்ல அவ பக்கத்துப் பிள்ளை போடறதைப் பாத்துக்கிட்டு இருப்பா. மேளம் அடிச்சா அவளும் கை தட்டுவா.

கார்த்திகை மாசம்தான் வினை வந்துச்சு.

சூளைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு பக்கத்து டவுன்ல ஒரு விடுதி தொறந்தாங்க. அப்பன் ஆத்தா சூளைக்குப் போனா பிள்ளை அங்கயே தங்கலாம், மூணு வேளை சோறு, விட்டுப்போன பாடத்தைத் தனியா உக்கார வச்சு நடத்துவாங்க. இடம் கொஞ்சம்தான். போன வருஷம் யாரு யாருக்குப் படிப்பு விட்டுப்போச்சோ அவுங்களுக்குத்தான் குடுப்பாங்க. பேச்சியம்மா எழுதிக் குடுத்திருக்கா. பிள்ளை முழுசும் பள்ளிக்கூடத்துல இருந்திருக்கு, வகுப்புல முதல் மார்க்கு, இவளுக்கு எதுக்கு விடுதின்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

நேரா எங்கிட்ட வந்தா. பள்ளிக்கூட வாசல்ல நின்னு, உள்ளகூட வரல. "டீச்சர், எம்பிள்ளை தையில இருந்து எங்கூடத்தான இருந்தா. கல்லுத்தான அடுக்குனா. விடுதி ஆபீசர்ட்ட நீங்க அந்த ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வார வருஷமாவது அவளை இங்க விட்டுட்டுப் போயிருவேன்"னா.

நான் எப்படிம்மா சொல்ல முடியும்? அவ வரலைன்னு சொன்னா அப்போ படி ஏறுனது யாருன்னு கேப்பாங்க. மயில் போயிரும். டேப் போயிரும். மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? என் பேரு என்ன ஆகுறது? "பேச்சியம்மா, உன் பிள்ளை முதல் மார்க்கு வாங்கியிருக்கா, சந்தோஷப்படாம இப்படி வந்து நிக்கியே"ன்னு கேட்டேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. போயிட்டா.

போனவ சும்மா போனாளா? நேரா டவுன்ல ஆபீசரம்மாவைப் பாத்து, டீச்சர் பொய்யா எழுதியிருக்காங்கன்னு சொல்லிட்டா. யாரு? நான் தலை சீவி விட்ட பிள்ளையோட ஆத்தா. நான் சோறு குடுத்த பிள்ளையோட ஆத்தா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஏசு படத்துக்கு முன்னால உக்காந்து அழுதேன்மா. கர்த்தரே, நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்னு கேட்டு அழுதேன்.

ஆபீசரம்மா வந்தாங்க. நல்ல பொம்பளைதான், சின்ன வயசு. முன்னக்கூட்டியே நான் முப்புடாதியைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்தம்மா கேட்டா என்னைய விட்டுக் குடுத்துராத, என்ன"ன்னு மட்டும் சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல. சத்தியமாச் சொல்லுதேன்.

பிள்ளை, பேச்சியம்மா, நான், எல்லாரும் நிக்கோம். ஆபீசரம்மா குனிஞ்சு கேட்டாங்க. "பாப்பா, போன பொங்கலுக்கு அப்புறம் நீ எங்க இருந்தே?"

அவ ஆத்தாளைப் பாத்தா. என்னையப் பாத்தா. "டீச்சர்ட்டதான் இருந்தேன்"னா.

அப்படியே தூக்கிக் கொஞ்சணும் போல இருந்துச்சு எனக்கு. பேச்சியம்மா பிள்ளையோட கையைப் பிடிச்சுத் திருப்பி, உள்ளங்கையை ஆபீசரம்மாகிட்ட காட்டுனா. அந்தம்மா அந்தக் கையை வாங்கித் தடவிப் பாத்தாங்க. அப்புறம் என்னைய டேப்பை எடுக்கச் சொன்னாங்க. பிள்ளை போடட்டும், பாத்துருவோம்னாங்க.

மயிலைத் தொட்டா. எடுக்கல. பயத்துல முட்டியை வச்சுத் தட்டவும் மறந்துட்டா. நான் சொன்னேன், "மேடம், இவ விரலுக்கு இது எடுக்காது. அவ விடையைச் சொல்லட்டும், நான் தொடுதேன்"னு. சரின்னாங்க. "கழித்தல் குடுங்க, பழைய பாடம்தான"ன்னு நானே சொன்னேன். சோதிச்சுப் பாக்கன்னு முடிச்ச பாடத்துல மூணு கணக்கு மட்டும் டேப் குடுக்கும். அம்பத்திரெண்டுல இருந்து இருபத்தேழு போனா எத்தனை? கீழ மூணு விடை இருக்கு, முப்பத்தஞ்சு, இருபத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. நான் விரலைத் தூக்கி வச்சுக்கிட்டு அவ சொல்லட்டும்னு நிக்கேன்.

"முப்பத்"துன்னு வாயெடுத்தா. நிறுத்துனா. என் விரலைப் பாத்தா. நான் ஒண்ணும் செய்யலம்மா, விரல் எங்கயாவது நிக்கத்தான செய்யும், இருபத்தஞ்சு மேல நின்னுச்சு. "இருபத்தஞ்சு"ன்னா. தொட்டேன். மேளம் அடிச்சிச்சு.

அடுத்த கணக்கும் சரியாச் சொன்னா. அதுக்கடுத்ததும். அவ்வளவு கூர்மைம்மா அந்தப் பிள்ளை. ஆபீசரம்மா எந்திரிச்சு, "பிள்ளை நல்லாத்தான் போடுதா. இடம் கொஞ்சமா இருக்கு, ஒண்ணுமே தெரியாத பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்"னு பேச்சியம்மாட்ட பொறுமையாத்தான் சொன்னாங்க. முப்புடாதி என் சேலையைப் பிடிச்சு, "சரியாச் சொன்னேனா டீச்சர்"னு மெதுவாக் கேட்டா. நூத்துக்கு நூறுட்டின்னேன்.

பேச்சியம்மா பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டு நடந்து போனா. திரும்பியே பாக்கல. அன்னையில இருந்து எங்க பாத்தாலும் தெருவை மாத்திப் போயிருவா. என் பேரு தப்பிச்சுச்சு, டேப் தப்பிச்சுச்சு. ஆனா ஒருத்தி நம்மளைப் பாத்து ஒதுங்கிப் போறது இருக்கு பாருங்க, அது நெஞ்சுல முள்ளா நிக்கும்மா.

இந்தப் பொங்கல் முடிஞ்சு சூளைக்குப் போயிட்டாங்க. அவளையும் கூட்டிட்டுத்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பேரு எங்க வகுப்புலதான் இருக்கு, நான் எடுக்கல. மயிலையும் வெளுக்க விடல.

போன வாரம் விருதுச் சேதி வந்துச்சு. அதிகப் படி ஏறுன பிள்ளையையும் மேடைக்குக் கூட்டிட்டு வாங்கன்னு எழுதியிருக்காங்க. நான் வீம்பு பாக்கல. மேஸ்திரி நம்பர் வாங்கி நானே போன் போட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுப் பேச்சியம்மா வந்தா. "ஒரே ஒரு நாள் பிள்ளையக் கொண்டாந்து விடு பேச்சியம்மா, பஸ்சுக்கு நான் தாரேன், கவுன் எடுத்து வச்சிருக்கேன்"னு கெஞ்சுனேன். அவ சொல்லுதா, "அவதான் அங்கயே இருக்காள்லா டீச்சர். கூட்டிட்டுப் போங்க."

எவ்வளவு அகங்காரம் பாருங்க. பிள்ளைட்டயாவது குடுன்னேன். குடுத்தா.

"ஏட்டி முப்புடாதி, டீச்சர் பேசுதேன், வாரியா"ன்னேன். அந்தப் பக்கம் லாரி சத்தமாக் கேக்கு.

"டீச்சர், நான் இப்போ என்ன கணக்கு படிக்கேன்?"னு கேட்டா.

வகுத்தல் வந்தாச்சுட்டின்னேன்.

"கஷ்டமா இருக்கா டீச்சர்?"

இல்லட்டி, உனக்கு நல்லா வருதுன்னு சொன்னேன். சரி டீச்சர்னு போனை வச்சிட்டா. அவ்வளவுதான்மா. அவளுக்காக நான் இவ்வளவு படிச்சிருக்கேன், ஒரு நாள் வந்து பக்கத்துல நிக்கக் கூடாதா?